அந்தப் பக்கம் பிடிங்க

எங்கள் தெருவில் அவர் எல்லோருக்கும் அண்ணி. எழுபது வயது மளிகைக்காரரும் அண்ணி என்பார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் அண்ணி என்பார்கள். காரணம் அவருடைய கொழுந்தன். கட்டிலை விட்டு எழ முடியாத அந்த மனிதர் நாளுக்கு நாற்பது தடவை "அண்ணி!" என்று கூப்பிடுவது தெருமுனை வரை கேட்கும். மார்புக்குக் கீழே உடம்பில் எதுவும் வேலை செய்யவில்லை. அதற்கும் சேர்த்துக் குரல் வேலை செய்தது. கேட்டுக் கேட்டு எங்கள் வாயிலும் அதுவே வந்துவிட்டது.

நான் எங்கள் திருச்சபையின் செக்ரெட்டரி. ஓய்வு பெறுவதற்கு முன் ஓர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன். காகிதத்தைக் கவனிக்கிற அளவுக்கு மனிதர்களைக் கவனிக்கமாட்டேன் என்று என் மனைவி சொல்வாள். நான் மறுத்துப் பேசுவதில்லை, ஏனென்றால் அப்போதும் ஏதாவது ஒரு காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அண்ணியைப் பற்றி எழுத எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. ஆனால் அவருடைய கொழுந்தனைக் கொன்றவன் நான்தான் என்பதால் எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணிக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரி லாண்டரியில். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை. வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக விரிப்புகள் வரும். கையுறை போட்டுக்கொண்டு பிரிக்க வேண்டும், ரத்தம் பட்டவை தனி, மற்றவை தனி. பிறகு மெஷின். அதிலிருந்து ஈர விரிப்பை அள்ளித் தள்ளுவண்டியில் போடுவதுதான் முதுகை ஒடிக்கிற வேலை. கடைசியில் மடிப்பு மேசை. விரிப்பு மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும். இருபத்தேழு வருஷமாக இதைச் செய்கிறவருக்கு விரிப்பைப் படிக்கத் தெரியும். எந்த வார்டு, என்ன நோய், அந்த நோயாளியை யாராவது கவனித்தார்களா இல்லையா, எல்லாவற்றையும் கறையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

கல்யாணமாகி அந்த இரண்டு அறை வீட்டுக்கு அவர் வந்தபோது கொழுந்தனுக்குப் பத்தொன்பது வயது. வீடுகளுக்கு வர்ணம் பூசும் வேலை, அதனால் எல்லோருக்கும் பெயிண்டர். சமையலறை இருட்டாக இருக்கிறது என்று அண்ணி ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கிறார். மறுநாள் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் மூன்று சுவர்கள் பளீரென்று மஞ்சளாகிவிட்டன. நாலாவதற்குப் பெயிண்ட் போதவில்லையாம். இன்றைக்கும் அந்த ஒரு சுவர் சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது. அண்ணி அதை மாற்ற விடவில்லை.

தங்கமான மனிதர் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் வாய் இருக்கிறதே! ஒரு நாள் அண்ணன் எதற்கோ கண்டிக்க, தம்பி அண்ணியையும் சேர்த்து இழுத்துச் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். எட்டு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார், எதிரே வந்தால் திரும்பி நடப்பார். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நேரில் போய் அழைத்தும் வரவில்லை. அப்புறம் ஒரு நாள் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டு போகிறீர்களா, நீண்டநாள் வார்டுக்கு மாற்றவா என்று கேட்டார்கள். அண்ணன் தயங்கினார். எட்டு வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவனை எப்படி உள்ளே விடுவது என்ற கோபம் அவருக்கு இருந்தது. நியாயமான கோபம்தான். முடிவு சொன்னது அண்ணி.

"அந்த வார்டு விரிப்பை நான் தினம் துவைக்கிறேங்க. அவன் விரிப்பு அந்த மூட்டையில வர வேண்டாம். வீட்டுக்குக் கொண்டு வாங்க."

இவ்வளவுதான் பேச்சு. அன்பு, மன்னிப்பு என்றெல்லாம் அவர் எதுவும் சொல்லவில்லை.

படுத்த உடம்பை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்து, அப்புறம் புண்ணாகி, எலும்பு வரை போகும். பெரிய விரிப்புக்கு மேலே தோளிலிருந்து தொடை வரை ஒரு குறுக்கு விரிப்பு போட்டிருப்பார்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று அதன் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, ஆளை ஓரத்துக்கு நகர்த்தி, பிறகு பக்கவாட்டில் திருப்ப வேண்டும். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. அண்ணி ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். இரண்டு வருஷம் அப்படி ஓடியது. அப்புறம் பஸ்ஸுக்குக் காத்திருந்த அண்ணன் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அண்ணி தன் புருஷனின் பழைய பெல்ட்டை எடுத்துக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஜன்னல் கம்பியில் மாட்டினார். குறுக்கு விரிப்பின் ஒரு முனையை அதில் கட்டிவிட்டு மறுமுனையைத் தனியாளாக இழுத்தார். நாலு வருஷம் அந்தப் பெல்ட்தான் அந்தப் பக்கம் நின்றது.

லாண்டரியில் எட்டு மணிக்கு ஒரு டீ நேரம், பத்தரைக்கு ஒரு சாப்பாட்டு நேரம். இரண்டு நேரத்திலும் அண்ணி வீட்டுக்கு ஓடி வருவார். பத்து நிமிஷ நடை, திருப்பிப் போடுவது, மறுபடி பத்து நிமிஷ நடை. டீ நேரத்தில் எப்போதும் தாமதம். அதற்காக மாலையில் கூடுதல் வேலை பார்த்துக் கழித்துக்கொண்டார். கையில் ஒரு ரொட்டித் துண்டு, அதுவே நடக்கும்போது சாப்பாடு. ஜெபமும் அந்த நடையில்தான். "மத்த நேரத்துல கூப்பிட எனக்குக் கை ஒழியாது, அவருக்குத் தெரியும்" என்று ஒருமுறை என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

பெயிண்டருக்குச் சாமி, சபை எதிலும் நம்பிக்கை கிடையாது. "உங்க ஆண்டவர் அந்தச் சாரத்தைக் கொஞ்சம் பிடிச்சிருந்தா என்ன அண்ணி?" என்று கேட்பாராம்.

"அவரை அப்புறம் கேட்டுக்கலாம். இப்ப நான் பிடிக்கிறேன், நீ திரும்பு" என்பாராம் அண்ணி.

இதற்கெல்லாம் எங்கள் சபை என்ன செய்தது என்று கேட்பீர்கள். பெயரை வாசித்தது.

ஞாயிறுதோறும் ஆராதனையில் ஒரு பட்டியல் வாசிக்கப்படும். சுகவீனர்கள், பயணத்தில் இருப்பவர்கள், துக்கத்தில் இருக்கும் குடும்பங்கள் என்று மூன்று பகுதி. தயாரிப்பது நான். வாராவாரம் புதிதாக எழுதச் சோம்பல்பட்டு, ஒவ்வொரு பெயரையும் தனிச் சீட்டாக வெட்டி வைத்துக்கொண்டேன். சுகமானவர் சீட்டு டப்பாவுக்குப் போகும். இறந்தவர் சீட்டு முதல் பகுதியிலிருந்து மூன்றாம் பகுதிக்கு நகரும். கத்திரிக்கோல், பசை, சனிக்கிழமை மாலை அரை மணி நேரம், அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பெயிண்டர் சீட்டு ஆறு வருஷமாக முதல் பகுதியில் நாலாவது இடம். பிய்த்துப் பிய்த்து ஒட்டி, பசை ஏறி, அது அட்டை மாதிரி விறைத்துப் போயிருந்தது.

அந்த ஆறாவது வருஷம் அண்ணியின் முதுகு கைவிட்டது. ஈர விரிப்பை அள்ளியவர் குனிந்தது குனிந்தபடி நின்றுவிட்டார். இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனிமேல் பத்துக் கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது என்றார். மேற்பார்வையாளர் நல்லவர், அண்ணியை மடிப்பு மேசைக்கு மாற்றிவிட்டார். வீட்டில் இருக்கும் அறுபது கிலோவை எங்கே மாற்றுவது?

வெளியூரில் இருக்கும் மகள் வந்தாள்.

"அம்மா, அவரை ஒரு இல்லத்துல விட்டுடலாம். நான் விசாரிச்சுட்டேன், இடம் காலியா இருக்கு. திங்கட்கிழமை வண்டி அனுப்புறாங்களாம்."

"பார்க்கலாம்."

"என்ன பார்க்கலாம்? என் கல்யாணத்துக்குக்கூட வராத மனுஷன். நீ படுத்துட்டா உன்னை யாரும்மா திருப்பிப் போடுவா? சித்தப்பாவா எழுந்து வந்து போடுவாரு?"

மகள் கேட்டதில் தப்பு எதுவும் இல்லை. அண்ணிக்கும் அது தெரியும்.

அண்ணி அந்த இல்லத்தைப் போய்ப் பார்த்தார். நிர்வாகி அம்மா கட்டில்களைக் காட்டினார், சமையலறையைக் காட்டினார். "துணி காயப் போடுற இடத்தைக் கொஞ்சம் காட்டுறீங்களா?" என்று அண்ணி கேட்டார். பின்கட்டில் கொடியில் காய்ந்துகொண்டிருந்த விரிப்புகளை ஒவ்வொன்றாக நடந்து பார்த்தார். நடுவில், இடுப்பு படும் இடத்தில், புண் கசிந்து, துவைத்தும் போகாத பழுப்பு வட்டங்கள். ஒன்றிரண்டில் என்றால் விட்டிருப்பார். பாதிக்கு மேல் இருந்தது.

"நல்ல மனுஷங்கதான். நாப்பது பேருக்கு மூணு பேரு. அவங்களும் என்ன பண்ணுவாங்க" என்று பிறகு சொன்னார். வேறு வழி தெரியவில்லை. திங்கட்கிழமை வண்டி வரட்டும் என்று மகளிடம் சொல்லிவிட்டார். பெயிண்டரிடம் மட்டும் சொல்லவில்லை.

அந்தத் திங்களுக்கு முந்தின சனிக்கிழமைதான் நான் வழக்கம்போலக் கத்திரிக்கோலோடு உட்கார்ந்தேன். மின்விசிறிக் காற்றில் சீட்டுகள் பறந்து மேசைக்கடியில் விழுந்தன. பொறுக்கியெடுத்து ஒட்டினேன். உள்ளேயிருந்து மனைவி சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒட்டி முடித்துவிட்டுத்தான் போனேன், சரிபார்க்கவில்லை. முப்பத்தொரு வருஷம் சரிபார்த்தவன் அன்றைக்குச் சரிபார்க்கவில்லை.

மறுநாள் புதுப் போதகர் பட்டியலை வாசித்தார். வந்து இரண்டு மாதம்தான், யார் எவர் என்று இன்னும் பிடிபடாத இளைஞர். மூன்றாம் பகுதிக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, "நம்முடைய பெயிண்டர் சகோதரரை இழந்து வாடும் குடும்பத்தாரைத் தேவன் ஆற்றித் தேற்றும்படி" என்றார். சபை முழுக்க ஒரு பெருமூச்சு. நானும் பெருமூச்சு விட்டேன். பாவம், போய்ச் சேர்ந்துவிட்டார், காலையில் போதகருக்குப் போன் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நானே ஒட்டிய சீட்டை நானே நம்பி நெஞ்சு கனத்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் தலைக்கு மேலே ஒரு துணிப் பதாகை தொங்கியது. "செயலில் அன்பு" என்பது அந்த வருஷத்தின் கருப்பொருள். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்று அச்சகத்தில் நின்று அடித்து வாங்கியவன் நான்.

ஒன்று சொல்ல வேண்டும். துக்கம் என்றால் எங்கள் சபையை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு மணி நேரத்துக்குள் வாசலில் நிற்போம். ஆண்கள் கூடத்து மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொள்வார்கள், பெண்கள் பிளாஸ்கில் டீ, ரொட்டிக்கடைக்காரர் மலர்வளையத்துக்குப் பொறுப்பு, பாட்டு டீச்சர் புத்தகங்களுக்குப் பொறுப்பு. பெயிண்டர் உயிரோடு படுத்துக்கிடந்த ஆறு வருஷத்தில் அந்த வீட்டுப் படியை மிதித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். என் விரல் அதில் இல்லை. அண்ணனின் அடக்கத்துக்குப் போனதோடு சரி.

ஆராதனை முடிந்ததும் இருபத்து மூன்று பேர் போனோம். வாசலில் நாற்காலிகளை விரித்தோம். சத்தம் கேட்டு யாரும் வெளியே வரவில்லை, அழுகைச் சத்தமும் இல்லை. அதிர்ச்சியில் இருக்கிறார் போலும் என்று பாட்டு டீச்சர் கிசுகிசுத்துவிட்டு முதல் அடியை எடுத்துக் கொடுத்தார். இரண்டு வரி பாடியிருப்போம்.

"அண்ணி! வாசல்ல யாரோ பாடுறாங்க! சுருதி சேரலைன்னு சொல்லுங்க!"

அந்தக் குரலைத் தெரியாதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. பாட்டு அப்படியே நின்றது. ரொட்டிக்கடைக்காரர் மலர்வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார், அது அவரைவிட அகலம்.

அண்ணி வெளியே வந்தார். முழங்கை வரை ஈரம், தோளில் துண்டு. ஞாயிற்றுக்கிழமை உடம்பு துடைத்துவிடும் நாள். நாற்காலிகளைப் பார்த்தார், புத்தகங்களைப் பார்த்தார், வளையம் கண்ணில் பட்டதும் முகம் வெளிறியது.

"யாரு? என் பொண்ணா? என் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

"ஐயோ, இல்லம்மா, இல்ல" என்று பதறினார் போதகர். "நாங்க வந்து... பெயிண்டர் சகோதரர் இறந்துட்டதா..."

"யாரு சொன்னா?"

போதகர் என்னைப் பார்த்தார். நான் போதகரைப் பார்த்தேன். அந்த நொடியில்தான் மின்விசிறியும் மேசையடியும் என் நினைவுக்கு வந்தன.

"யாரு அண்ணி செத்தது?" உள்ளேயிருந்து குரல்.

யாரும் பதில் சொல்லவில்லை.

"ஓ, நானா!" என்றது குரல். "வளையம் கொண்டு வந்திருக்காங்களா? என்ன பூ?"

அண்ணி பக்கத்தில் இருந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எங்களுக்கும் கொஞ்சம் தைரியம் வந்து சிரிக்கத் தொடங்கினோம். பார்த்தால் அவர் அழுதுகொண்டிருந்தார். எப்போது மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டு டீச்சர் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தார். துக்க வீட்டுக்கென்று கொண்டு வந்த டீயை அண்ணி உட்கார்ந்தபடி குடித்தார். உட்கார்ந்து டீ குடித்து எத்தனை நாளாயிற்றோ.

"அண்ணி, செத்தவன் எவ்வளவு நேரம் சுவத்தையே பார்த்துக்கிட்டுக் கிடப்பான்?"

கொழுந்தனைப் பாதி திருப்பியபடி விட்டுவிட்டு வந்திருக்கிறார் அண்ணி. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி எங்களைச் சுற்றிப் பார்த்தார். இருபத்து மூன்று பேரும் செருப்பைப் பார்த்தோம்.

"செக்ரெட்டரி ஐயா, நீங்க உள்ள போங்க. ரொட்டிக்காரரே, நீங்க அந்தப் பக்கம் பிடிங்க."

நாற்காலியோடு அவரைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே வைத்தார்கள். நாங்கள் உள்ளே போனோம். மருந்து வாடையும் சோப்பு வாடையும் கலந்த சின்ன அறை, ஆனால் துடைத்து வைத்ததுபோல் சுத்தம். ஜன்னல் கம்பியில் பெல்ட் தொங்கியது. அதற்குப் பின்னால் அண்ணியின் முகம்.

"ஓரத்தைச் சுருட்டிப் பிடிங்க. உடம்போட ஒட்டிச் சுருட்டணும். தூக்காதீங்க, இழுங்க. முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்க ஐயா, உங்க முதுகும் போயிடப் போகுது. ஒண்ணு, ரெண்டு, ம்!"

இழுத்தோம். பெயிண்டர் ஒரு சாண் நகர்ந்தார். நான் வியர்த்து வழிந்தேன். இதை ஓர் ஒல்லியான பெண் நாளுக்கு எட்டுத் தடவை, ஒரு பெல்ட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டு செய்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. நேராகச் சொல்கிறேன், அவ்வளவு வெட்கம் என் வாழ்நாளில் பட்டதில்லை.

"என்னைக் கொன்னது நீங்கதானா ஐயா?" என்றார் பெயிண்டர்.

"நான்தான். மன்னிச்சிடுங்க. சீட்டு மாறிப்போச்சு."

"பரவாயில்ல. சாரத்துல இருந்து விழுந்தே சாகலை, சீட்டுல இருந்து விழுந்தா சாகப் போறேன்?"

ரொட்டிக்கடைக்காரர் தலையணை எடுக்க அந்தப் பக்கம் போனார். பெயிண்டர் கண்ணாலேயே என்னைக் குனியச் சொன்னார். அந்த மனிதர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நாளைக்கு வண்டி வருது. எனக்குத் தெரியாதுன்னு அண்ணி நினைச்சுக்கிட்டிருக்காங்க. நானே சந்தோஷமா போறேன்னு சொல்லப் போறேன். வேற என்ன செய்ய, அவங்க முதுகு போச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஆறு வருஷமா என் பேரை வாசிச்சீங்களாமே. நான் சும்மாதானே படுத்துக்கிடக்கேன்? ஓடுறது அவங்க. ஒரு வாரமாவது அவங்க பேரை வாசிச்சீங்களா?"

வாசிக்கவில்லை. நான்தானே சீட்டு வெட்டுகிறவன், எனக்குத் தெரியாதா?

வெளியே வந்தேன். எல்லோரும் நாற்காலிகளை மடக்கிக் கொண்டிருந்தார்கள். சட்டைப்பையில் பேனாவும் அன்றைய பட்டியலும் இருந்தன. பட்டியலைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் நேரங்களை எழுதினேன். எட்டு, பத்தரை, பன்னிரண்டரை, இரண்டரை. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு ஆள் என்று எழுதினேன். சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாதவன் நான். அன்றைக்குப் பேசினேன்.

"சீட்டை மாத்தி ஒட்டினது நான். அதை விடுங்க. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு இந்த வீட்டுக்கு யார் வர்றீங்க?"

கையிலிருந்த நாற்காலிகளைக் கீழே வைத்தார்கள். பிறகு ரொட்டிக்கடைக்காரர், "என் அடுப்பு ஏழரைக்கு ஓய்ஞ்சிடும். எட்டு மணிக்கு நான் வரேன்" என்றார். பாட்டு டீச்சர் பன்னிரண்டரை என்றார். போதகர் இரண்டரை என்றார். அப்புறம் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மலர்வளையத்தை மட்டும் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பெயிண்டர் கேட்டு வாங்கித் தன் கட்டில் தலைமாட்டில் மாட்டச் சொன்னார்.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னைக்குச் சொல்லுவீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார்.

திங்கட்கிழமை பத்தரைக்கு அண்ணி வழக்கம்போல ஓடி வந்தார். ஓட்டம் என்று சொல்ல முடியாது, ஒரு கை இடுப்பில் வைத்த வேக நடை. நானும் மளிகைக்காரர் மகனும் அப்போதுதான் திருப்பிப் போட்டு முடித்திருந்தோம். தலையணை கோணலாக இருந்தது, அதைச் சரிசெய்தார். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. கையைத் துண்டில் துடைத்தார், ஈரமில்லாத கையை மறுபடியும் துடைத்தார்.

பதினோரு மணிக்கு வண்டி வந்தது. மகளும் அதில் வந்தாள். எங்களைப் பார்த்துவிட்டு நிலைமையைப் புரிந்துகொண்டாள்.

"மூணு வாரம் வருவீங்க ஐயா. நாலாவது வாரம்? அப்ப இந்த இடமும் இருக்காது. எங்கம்மாதான் மறுபடியும் பெல்ட்டைக் கட்டுவாங்க."

எங்கள் சபையை எனக்குத் தெரியும்.

"நான் போறேன் அண்ணி" என்றார் பெயிண்டர். "எனக்கும் இந்தச் சுவத்தைப் பார்த்து அலுத்துப் போச்சு. அங்க பேச்சுத்துணைக்கு நாப்பது பேரு இருக்காங்களாம். ஜாலியா இருப்பேன்."

அண்ணி கட்டிலருகே போனார். அவர் சட்டையை மேலே தூக்கி, இடுப்பை, முதுகை, குதிகாலை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு குனிந்து விரிப்பைப் பார்த்தார். ஆறு வருஷத்து உடம்பு, ஓர் இடத்தில்கூடச் சிவப்பு இல்லை. அந்த வெள்ளை விரிப்பை அவர் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் வாசலில் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீ பேசாம இரு" என்றார் கொழுந்தனிடம். மகளிடம் திரும்பி, "ஒரு மாசம் பார்க்கிறேன்டி. முடியலைன்னா நீ சொல்றதைக் கேக்குறேன்" என்றார்.

மகள் அழுதாள். கோபத்தில்தான் அழுதாள். ஆனால் அன்றைக்குப் பன்னிரண்டரைக்கு டீச்சரோடு வர வேண்டிய ஆள் வரவில்லை, அந்தப் பக்கம் பிடித்தது அவள்தான். "கல்யாணத்துக்கு ஏன் வரலை சித்தப்பா?" என்று பிடித்த பிடியில் கேட்டாளாம். "போட்டுக்க நல்ல சட்டை இல்லம்மா" என்றாராம். பொய் என்று இருவருக்கும் தெரியும். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மகள் சொன்னது பலித்தது. முதல் வாரம் பதினாறு பேர் வந்தோம். மூன்றாம் வாரம் ஒன்பது. ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு மாமியார் வருகை, ஒருவர் காரணம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது, ஐந்து பேர் இருக்கிறோம். ரொட்டிக்கடைக்காரர், பாட்டு டீச்சர், போதகர், மளிகைக்காரர் மகன், நான். சில நாள் ஒருவர்தான் வர முடியும், அன்றைக்குப் பெல்ட் கைகொடுக்கும். அதிகாலைக்கும் இரவுக்கும் எங்களால் ஆள் போட முடியவில்லை. அந்த நேரங்கள் இன்னும் அண்ணியுடையவைதான், இன்னும் அந்தப் பெல்ட்டோடுதான். அவர் முதுகு சரியாகவில்லை. மோசமாகாமல் இருக்கிறது என்கிறார் டாக்டர். என் முதுகையும் இப்போது அதே டாக்டர்தான் பார்க்கிறார்.

ஒரு மாசம் பார்க்கிறேன் என்று அண்ணி சொன்ன அந்தக் கெடு முடிந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். அண்ணி நாலு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் ஆராதனைக்குப் போனார். நானும் ரொட்டிக்கடைக்காரரும் வலுக்கட்டாயமாக அனுப்பிவைத்தோம். நாங்கள் இருவரும் பெயிண்டரோடு இருந்தோம். ஜன்னல் வழியாகத் தூரத்தில் பாட்டு கேட்டது, பிறகு நின்றது.

"இப்ப என்ன நடக்கும்?" என்றார் பெயிண்டர்.

"பட்டியல் வாசிப்பாங்க."

"நான் இருக்கேனா?"

"இல்ல. நாலாவது இடத்துல அண்ணி இருக்காங்க."

எப்போதும் ஏதாவது சொல்கிற மனிதர். காய்ந்துபோன மலர்வளையத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

"சரி, இழுங்க" என்றார் பிறகு.

அண்ணி திரும்பி வர வெகு நேரமாயிற்று. என்ன ஆயிற்றோ என்று நான் தெருவில் இறங்கிப் பார்த்தேன். தலைமுடி ஒரு பக்கம் கலைந்து, கன்னத்தில் பெஞ்சு விளிம்பின் கோடு அழுந்தப் பதிந்து, மெதுவாக நடந்து வந்தார். பட்டியல் வாசித்ததோ, பிரசங்கம் முடிந்ததோ, எல்லோரும் கலைந்து போனதோ அவருக்குத் தெரியாதாம். பாட்டு டீச்சர் யாரையும் எழுப்ப விடாமல், கடைசி வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம்.

"என்ன அண்ணி, பிரசங்கம் எப்படி?" என்றது உள்ளேயிருந்து குரல்.

அண்ணி வாசற்படியில் செருப்பைக் கழற்றினார்.

"தூங்கிட்டேன்டா தம்பி" என்றார். "ரொம்ப நல்லா இருந்துச்சு."